கேட்க ஓர் ஆள்

2022 ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை. இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு, உளுந்து மாவு ஒட்டிய கையைத் துடைத்தும் துடைக்காமலும் போய்க் கதவைத் திறந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். சட்டையில் துணியால் செய்த பெரிய பூ. கையில் நோட்டீஸ் கட்டு.

"மே 5-ம் தேதி கவுன்சில் தேர்தல் வருகிறது. உங்கள் தெருவில் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பாவம், வயசானவர் வீணாக வெயிட் பண்ணுகிறாரே என்று, "நாங்கள் இந்தியர்கள். எங்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது" என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இந்தியக் குடியுரிமை என்றால் ஓட்டு உண்டு. பெயரைப் பதிந்தால் போதும்" என்று சொல்லி, நோட்டீஸின் பின்பக்கத்தில் கடைசி நாளை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் நம்பவில்லை. ஓட்டு கேட்க வருகிறவர்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்? நோட்டீஸை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டேன். ஆனால் மாவு அரைபட்டு முடியும்வரை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டு விஷயமல்ல, "ஒன்றும் இல்லை" என்று நான் சொன்ன பதில். அது பொய்.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஹாரோ என்ற பகுதியில் குடியிருந்தோம். கணவருக்கு மென்பொருள் வேலை. பையனுக்கு ஏழு வயது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வழியில் ஒரு மூலை. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். வருகிற வண்டி நமக்குத் தெரியாது. வண்டிக்காரருக்கு நம்மைத் தெரியாது. முந்தைய நவம்பரில் ஒரு நாள், நாலரை மணிக்கே இருட்டிவிட்ட நேரம், பையன் ஸ்கூட்டரைக் காலால் உந்திக்கொண்டு எனக்கு நாலடி முன்னால் போனான். நான் கத்தியதும், ஒரு கார் கிறீச்சென்று நின்றதும் ஒரே நொடியில் நடந்தன. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டி வந்த பெண் இறங்கி வந்து என்னைவிட அதிகமாக அழுதார். அன்று இரவு நான் தூங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கணவரிடமே சொன்னேன்.

அந்த மூலையில் கோடு போட்ட ஒரு பாதசாரிக் கடவை வேண்டும் என்பதை விடப் பெரிய குறை எனக்கு அந்த நாட்டில் இருந்ததில்லை. அதைக் கேட்க ஒருவர் வீடு தேடி வந்தார். நான் "ஒன்றும் இல்லை" என்றேன். வெளியூரில் பிழைக்கப் போன யாரும் முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை இதுதான். யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது.

சாயங்காலம் கணவரிடம் ஓட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே போனில் தேடிப் பார்த்தார். பெரியவர் சொன்னது நிஜம்தான். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கிற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் எல்லா தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு காலத்தில் அத்தனை பேரும் அந்த நாட்டு அரசரின் குடிகளாக இருந்த கணக்கு, இன்றும் சட்டத்தில் மிச்சமிருக்கிறது. விசா தற்காலிகமாக இருந்தாலும் பரவாயில்லை. தேர்தலில் நிற்கத்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும்.

"சட்டம் இருக்கட்டும். நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்? வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்கு வெள்ளையடிப்பானா?" என்றார் கணவர்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியென்று படவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக லண்டனுக்கு வந்தவர். ஹாரோவில் ஈழத்தமிழர்கள் ஏராளம். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பேரம் தமிழில்தான் நடக்கும். அக்கா கீரை பறித்துக் கொடுப்பார். நான் இட்லி மாவு கொடுப்பேன். வேலி வழியாகத்தான் எங்கள் நட்பு.

"பதிஞ்சிட்டீரோ?" என்றார் அக்கா.

கணவர் சொன்ன வெள்ளையடிக்கிற கதையைச் சொன்னேன்.

"ஓ, வாடகை வீடோ? கவுன்சில் டாக்ஸ் கட்டேக்க வாடகை வீடெண்டு சொல்லி நிப்பாட்டினவரோ உம்மட மனுசன்?"

நான் வாயடைத்துப் போனேன். அங்கே கவுன்சில் டாக்ஸை வீட்டுச் சொந்தக்காரர் கட்டுவதில்லை, குடியிருக்கிறவர்தான் கட்ட வேண்டும். ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணையாக எங்கள் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. எதற்குப் போகிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

அக்காதான் விளக்கினார். லண்டனில் மொத்தம் 32 பரோக்கள். ஒவ்வொன்றும் தனித்தனி நகராட்சி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தேர்தல். குப்பை எடுப்பது, நூலகம், பூங்கா, உள்ளூர்ச் சாலை, பார்க்கிங், யார் எங்கே எத்தனை மாடி கட்டலாம், எந்தக் குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் என்பதெல்லாம் கவுன்சில் பார்ப்பது. ஆஸ்பத்திரியும் போலீஸும் அவர்கள் கையில் இல்லை. பணத்தில் பெரும்பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? தனியாக வாழ்கிற முதியவர்களையும், உடல் முடியாதவர்களையும், பாதுகாப்பில்லாத குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதற்கு. குப்பை வண்டி கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை.

அக்கா இவற்றைச் சொல்லும்போது வேறு சொற்களில் சொன்னார். நாம் உள்ளாட்சி என்பதை அவர்கள் உள்ளூராட்சி என்கிறார்கள். நம் வார்டு அவர்களுக்கு வட்டாரம். நம் மாநகராட்சி அவர்களுக்கு மாநகர சபை. மாநகர சபை என்ற சொல்லைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார். யாழ்ப்பாணத்தில் பல வருஷங்கள் உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1998 ஜனவரியில் நடந்தது. சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார். அதே வருஷம் மே மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த மேயர் பொன். சிவபாலன், செப்டம்பரில் குண்டு வெடித்து இறந்தார். இரண்டு செய்திகளையும் அக்கா லண்டனில் இருந்தபடி டெலிபோனில்தான் கேட்டாராம்.

"தண்ணிக் குழாயும் தெரு லைட்டும் பாக்கிற வேலைதான் பிள்ளை அது. அதுக்குப் போய் உயிரைக் குடுக்க வேண்டியிருந்தது. இங்க ஒருத்தன் வீடு தேடி வந்து மணியடிச்சு, என்ன குறையெண்டு கேக்கிறான். நீர் ஒண்டுமில்லையெண்டு அனுப்பிப் போட்டீர்."

கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அன்றும் நான் பதியவில்லை. சோம்பல். பதிய வைத்தது அம்மா.

எங்கள் ஊர் தெற்கே ஒரு சின்ன நகராட்சி. அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். எங்கள் தெருவில் வாறுகால் நிரம்பி வாசல்வரை வருவது வருஷக் கணக்காக நடப்பது. ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் அம்மா சொல்வாள். "யாருட்டப் போய்ச் சொல்லுறது? கேக்கதுக்கு ஒரு நாதி இல்ல." நானும் உச்சுக் கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவேன்.

அம்மா சொன்னது புலம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படியே அரசாங்கக் கணக்கிலும் நிஜம் என்பது அந்த வருஷம்தான் உறைத்தது. தமிழ்நாட்டில் 2011-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு 2022 வரை நம் நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவர்கூடக் கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேல். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எங்கள் வார்டு எண் என்ன என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

2022 பிப்ரவரி 19-ல் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அம்மா வீட்டுக்கு ஓட்டு கேட்டு வந்தவர்களில் அடுத்த தெரு மருமகள் ஒருத்தி. முன்னால் அவள் புருஷன் கும்பிட்டுக்கொண்டு வந்தானாம், பின்னால் இவள். "நிக்கது நீயா, உன் வீட்டுக்காரனா?" என்று அம்மா கேட்டுவிட்டாள். அந்தப் பெண்தான் ஜெயித்தாள்.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. பாயசம், வடை எல்லாம் முடித்து அம்மாவுக்கு போன் செய்தேன். வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை. "ஏட்டி, வாறுகால் பொங்கிட்டுன்னு நேரே அவ வீட்டுக்கே போயிட்டேன். உன் புருஷன் வேண்டாம், நீ வான்னேன். வந்தா. மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா. ஆனா நின்னா. மறுநா ஆள் வந்து அள்ளிட்டான்" என்றாள்.

அம்மாவின் குரலில் இருந்த சந்தோஷம் வாறுகால் சுத்தமானதற்கு மட்டுமல்ல. அது மறுபடியும் நிரம்பும், அது அவளுக்கும் தெரியும். கேட்க ஓர் ஆள் கிடைத்ததற்கு.

தமிழில் இந்தச் சொல் விசேஷமானது. கேட்பது என்றால் கேள்வி கேட்பதும்தான், காதுகொடுத்துக் கேட்பதும்தான். "கேக்க ஆளில்ல" என்று அம்மா சொல்லும்போது, அவளுக்காகப் போய்க் கேட்க ஆளில்லை. அவள் சொல்வதைக் கேட்கவும் ஆளில்லை. உள்ளாட்சி என்பது அவ்வளவுதான். இரண்டு கேட்பதையும் செய்ய, நடந்துபோகிற தூரத்தில் ஓர் ஆள்.

போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் மேலிருந்த நோட்டீஸை எடுத்தேன். பெரியவர் எழுதிக் கொடுத்த கடைசி நாள்: ஏப்ரல் 14. அன்றுதான். நள்ளிரவுவரை நேரம் இருந்தது. இணையத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை கொடுத்துப் பதிந்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர், "சரி, எனக்கும் போடு" என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம் தேர்தல் வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சத்தமில்லாத தேர்தல். மைக் கிடையாது. ஊர்வலம் கிடையாது. சுவர் விளம்பரம் கிடையாது. சில வீட்டு ஜன்னல்களில் ஒரு காகிதம், சில வீட்டு முன்தோட்டங்களில் குச்சியில் ஒரு அட்டை. தபால் பெட்டித் துவாரம் வழியாக நோட்டீஸ்கள் வந்து விழும். கடைத்தெருவில் பார்க்கிங், உயரமான கட்டடங்கள், குப்பை, பூங்கா, இவைதான் பேச்சு. ஒரு வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அடிப்படைத் தொகை ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு. அதோடு வாக்காளருக்குச் சில பென்னி சேர்த்துக்கொள்ளலாம். டெபாசிட் கட்டுவதே இல்லை. "டெபாசிட் போச்சு" என்று யாரையும் கிண்டல் செய்ய முடியாத தேர்தல் என்று கணவர் வருத்தப்பட்டார்.

மே 5, வியாழக்கிழமை. அங்கே தேர்தல் வியாழக்கிழமைதான் நடக்கும். லீவு கிடையாது. காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுவார்கள். அக்கா பட்டுச் சேலை கட்டி, மேலே ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே எங்கள் வாசலில் நின்றார். "வோட்டுப் போட்டிட்டுத்தான் தேத்தண்ணி" என்றார்.

வாக்குச்சாவடி ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடம். வாசலில் ஒருவர் நாயைக் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போனார். இரண்டு கட்சிக்காரர்கள் சட்டையில் பூவோடு அருகருகே நாற்காலி போட்டு, ஒரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் எண் என்ன என்று கேட்டார்கள். நான் திடுக்கிட்டேன். அக்கா, "விருப்பமெண்டாச் சொல்லும், இல்லாட்டி விடும்" என்றார். யார் யார் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று குறித்துவைத்து, வராத தங்கள் ஆட்களைச் சாயங்காலம் போய்க் கூப்பிடுவார்களாம். போடுவதைத்தான் கேட்கலாம், யாருக்கு என்று கேட்க மாட்டார்கள்.

நான் பாஸ்போர்ட், விசா அட்டை, கவுன்சில் டாக்ஸ் ரசீது, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மேஜையில் இருந்த பெண் பெயரையும் முகவரியையும் கேட்டார். சொன்னேன். பட்டியலில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். ஃபைலைத் திறக்கவே இல்லை. விரலில் மையும் இல்லை. (இப்போது அப்படி இல்லை. 2023 மே முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கும் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். நம் இந்திய பாஸ்போர்ட்டும் செல்லும்.)

மரத்தடுப்புக்குள் போனால், கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலா! பக்கென்றது. யாராவது அழித்துவிட்டால்? வேண்டுமானால் நம் பேனாவையே கொண்டுபோகலாமாம். அக்கா பேனா கொண்டுவந்திருந்தார். முப்பது வருஷமாக அவர் பென்சிலை நம்பவில்லை.

எங்கள் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். ஒரே சீட்டில் மூன்று பேருக்குப் பெருக்கல் குறி போடலாம். பெயர்ப் பட்டியலில் ஆங்கிலப் பெயர்களோடு குஜராத்திப் பெயர்களும் நம் பெயர்களும் கலந்திருந்தன. பள்ளிக்கூட நாளில் பெருக்கல் குறி என்றால் தப்பு. டீச்சர் சிவப்பு மையில் போட்டால் அழுகை வரும். வாழ்க்கையில் முதல் முறையாக ஆசை ஆசையாக மூன்று பெருக்கல் போட்டேன். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டபோது, நவம்பர் மாத இருட்டில் கிறீச்சிட்ட அந்தக் கார்தான் காதில் கேட்டது.

யாருக்குப் போட்டேன் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் முடிவு வந்தது. ஹாரோவின் 22 வார்டுகளில் 55 இடங்கள். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 31, லேபர் கட்சிக்கு 24. அதுவரை லேபர் கையில் இருந்த கவுன்சில் கைமாறியது. வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர், வான்ட்ஸ்வொர்த், பார்னெட் என்று கன்சர்வேட்டிவ் கையில் இருந்த பரோக்கள் லேபர் பக்கம் போயிருந்தன. லண்டன் முழுக்க ஒரு காற்று என்றால் எங்கள் தெருவில் வேறு காற்று. ஊரில் என்ன அலை என்று டிவி சொல்லலாம். உள்ளூர்க் கணக்கு உள்ளூருக்குத்தான் தெரியும்.

தோற்றவர்களுக்காகவும் எனக்கு வருத்தமாக இருந்தது. பொதுவாக இந்தத் தேர்தல்களில் பத்துப் பேரில் நான்கு பேர் வந்து ஓட்டுப் போட்டாலே பெரிது. அதற்காக ஒருவர் மழையில் வீடு வீடாக மணியடித்து நடக்க வேண்டும். சில வார்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் போய்விடும். சரிசமமாக வந்துவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். நான் பதியாமல் விட்டிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது என்று நினைத்ததை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் அக்கா ஒரு தாளைக் காட்டினார். கவுன்சிலர் 'சர்ஜரி' நடத்தும் நாள் அதில் இருந்தது. "யாருக்கு ஆபரேஷன்?" என்றார் கணவர். அங்கே டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு சர்ஜரி என்று பெயர். அதே மாதிரி கவுன்சிலரும் எம்.பி.யும் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கும் அதே பெயர். இடம் நூலகம்.

நூலகத்தில் காத்திருந்தபோது ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். வி.கே. கிருஷ்ண மேனனைப் பற்றிய பக்கம். நேரு காலத்துப் பாதுகாப்பு அமைச்சராகத்தான் அவரை எனக்குத் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு லண்டன் போன அவர், 1934 முதல் 1947 வரை செயின்ட் பாங்க்ராஸ் பரோவில் கவுன்சிலராக இருந்திருக்கிறார். நூலகக் குழுவுக்குத் தலைவராக இருந்து, மக்கள் குடியிருக்கும் இடத்துக்கே புத்தகம் போகப் பாடுபட்டிருக்கிறார். இந்தியாவுக்குச் சுதந்திரம் கேட்டுப் பிரிட்டிஷ் அரசோடு மல்லுக்கட்டிய அதே வருஷங்களில், அந்த ஊர்க் குழந்தைகள் படிக்கப் புத்தகம் கேட்டும் மல்லுக்கட்டியிருக்கிறார். பின்னாளில் அந்த பரோ அவரைக் கௌரவித்தது. அவருக்கு முன் அந்தக் கௌரவத்தைப் பெற்றவர் பெர்னார்ட் ஷா. வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்த ஓர் ஆள்! பக்கத்தை போனில் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். கும்பிடுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

எங்கள் முறை வந்தது. கவுன்சிலர் நோட்டைத் திறந்து, "சொல்லுங்கள்" என்றார். நவம்பர் மாலையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கடவை போடுவதற்கு முன் எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டி வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். இதே மாதிரி நிறைய மூலைகள் வரிசையில் இருக்கின்றன. இந்த வருஷமே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது பட்டியலில் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், சேர்க்கிறேன்."

யாரும் கேட்கவில்லை. அந்த வழியில் தினமும் நூறு தாய்மார்கள் பயந்துகொண்டே கடந்திருப்போம். எல்லோருமே "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறோம்.

அக்காவும் நானும் பள்ளிக்கூட வாசலில் ஒரு வாரம் நின்றோம். குஜராத்தி அம்மாக்கள், ருமேனியப் பெண்கள், சோமாலியப் பெண்கள் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். முதலில் எல்லோரும் தயங்கினார்கள். "நாங்கள் கேட்கலாமா?" என்றார் ஒரு பெண். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்காவது நவம்பர் மாதிரி ஒரு கதை இருந்தது. அக்காவின் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் மழையில் குடை பிடித்து நின்றார்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்தச் சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள் கிடந்தன. வண்டிகள் ஏறி இறங்கும்போது எண்ணிக்கை பதிவாகுமாம். பையன் அங்கேயே நின்று தானும் எண்ணினான். நாற்பத்தி ஏழு வரை எண்ணியதும் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

கணவரின் வேலை முடிந்து 2024-ல் ஊர் திரும்பினோம். நாங்கள் கிளம்பும்வரை அந்த மூலைக்கு முறை வரவில்லை. எனக்கு அதில் கோபம் இல்லை. வரிசையில் முன்னால் வேறு மூலைகள், வேறு பிள்ளைகள். என் பையனுக்கு இனி அந்தக் கடவை தேவையில்லை. ஆனால் பட்டியலில் அந்த மூலையின் பெயர் இருக்கிறது. அது நான் எழுதவைத்தது. கிளம்பும் அன்று அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் விடமாட்டன், கேட்டுக்கொண்டே இருப்பன்" என்றார்.

அக்கா கேட்பார். எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய சொந்த ஊரில் 2018-க்குப் பிறகு 2025 மே மாதத்தில்தான் மறுபடி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அன்று காலை அக்காவிடமிருந்து ஒரே வரியில் வாட்ஸ்அப் வந்தது: "எங்கட வட்டாரத்திலயும் இண்டைக்கு வோட்டு."

இப்போது அம்மா வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். முதல் வேலையாக வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டேன். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துக்கொண்டேன். 2022-ல் வந்தவர்களின் ஐந்து வருஷம் முடியும்போது, நடுவில் இடைவெளி விழாமல் அடுத்த தேர்தல் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். முன்பு ஐந்து வருஷம் யாருமில்லாமல் போனதை நான் கவனிக்காமல் விட்டவள். இனி விட மாட்டேன்.

போன மாதம் ஒரு காலை. அதே மாதிரி மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது. அந்த அடுத்த தெருப் பெண்தான், கவுன்சிலர். தனியாக வந்திருந்தாள். புருஷனைக் காணோம்.

"தெரு லைட்டு பாத்துக்கிட்டு வாரேன். இங்க ஏதும் குறை இருக்காக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கம். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தேன்.

"இருக்கு. உள்ள வா, உக்காரு. சொல்லுதேன்."